எண்ணிப் பார்ப்போமா?

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி அயல்நாட்டிலிருக்கும் அன்பர் ஒருவர் அனுப்பிய வாழ்த்து மடல் நம் மேசைமீது கிடந்தது. அதில் ஒரு பறவையின் படம். எதிர்வீட்டுச் சிறுமி அதைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நிஜப் பறவையா, யாராவது வர்ணம் தீட்டினதா?" என்று கேட்டாள். "நிஜப் பறவைதான் அம்மா" என்றோம். அவள் நம்பவில்லை. "இத்தனை நிறத்தையும் ஒரே குருவிக்கா கொடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனாள். குழந்தை கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல நம்மால் இயலவில்லை. ஆகவே இத்திங்கள் நம் பக்கத்தை அப்பறவைக்கே ஒதுக்கிவிட்டோம்.

படத்திலிருந்தது பல்வண்ணத் தங்காரா. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. ‘தங்காரா’ என்பது பிரேசில் நாட்டுப் பழங்குடியினரான துப்பி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். நம் சிட்டுக்குருவியைவிடச் சிறியது. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் சுமார் 12 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆண் பறவையின் தலையும் தொண்டையும் பொன்மஞ்சள், முதுகிலும் மஞ்சள், சிறகுகள் பச்சை, மார்பும் வயிறும் நீலம், கழுத்தின் பக்கவாட்டில் கருமையும் செம்பழுப்புமாக ஒரு திட்டு. பெண் பறவை சற்று அடக்கமான நிறமுடையது. அறிவியலார் இதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பிற்பகுதிக்கு ‘மிக மிகப் பளபளப்பானது’ என்று பொருள். பெயரிட்ட அறிஞருக்கும் நம் எதிர்வீட்டுச் சிறுமிக்கும் வியப்பு ஒன்றுதான் போலும்!

இத்தனை நிறங்களும் எங்கிருந்து வந்தன? மஞ்சள் நிறம் உணவிலிருந்து வருகிறது. கேரட்டுக்கும் பழுத்த பப்பாளிக்கும் நிறம் தருகின்ற அதே வகைச் சாயப்பொருளைப் பறவை தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. தின்னும் இரையிலிருந்தே பெற்று இறகில் சேர்த்துக்கொள்கிறது. நீலமோ சாயமே அன்று. இறகிழையின் மிக நுண்ணிய அமைப்பு, தன்மேல் விழும் ஒளியில் நீலத்தை மட்டும் சிதறித் திருப்பியனுப்புகிறது. நீல இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் மறைந்துவிடும். மஞ்சள் சாயமும் நீல ஒளியும் ஒரே இறகில் கூடுமிடத்தில் பச்சை பிறக்கிறது. ஆக, இக்குருவியின் ஆடை பாதி உணவாலும் பாதி ஒளியாலும் நெய்யப்பட்டது எனலாம்.

பறவை நூலார் தங்காராக்களைப் பாடும் பறவைகளின் பெரும் பிரிவில் வைத்துள்ளனர். ஆயினும் பல்வண்ணத் தங்காரா பெரிய பாடகன் அன்று. மெல்லிய, கூரிய ‘சீச்’ ஒலிதான் அதன் குரல். அழகும் குரலும் ஒருங்கே வாய்ப்பது பறவைகளிலும் அரிதே!

நிற்க. இந்தச் சின்னஞ்சிறு பறவையின் கதையைச் சொல்லவேண்டுமானால், முதலில் ஒரு மனிதரின் கதையைச் சொல்லவேண்டும்.

1886ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் பிராங்க் சாப்மன் என்னும் இளைஞர் வங்கியொன்றில் வேலை பார்த்து வந்தார். அக்காலத்தில் மேனாட்டுச் சீமாட்டிகளிடையே பறவை இறகுகளை, சில வேளைகளில் பஞ்சடைத்த முழுப் பறவையையே, தொப்பியில் சூடிக்கொள்ளும் நாகரிகம் பரவியிருந்தது. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவிலிருந்து ஓசனிச்சிட்டுகள், தங்காராக்கள் முதலியவற்றின் தோல்கள் கட்டுக்கட்டாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. சாப்மன் இரண்டு பிற்பகல்கள் நகரத்தின் கடைவீதிகளில் நடந்தார். எதிர்ப்பட்ட பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் இறகுகள் இருந்தன. அவற்றில் சுமார் 40 வகைப் பறவைகளை அவர் இனங்கண்டார். காட்டில் காணவேண்டிய பறவைகளைக் கடைத்தெருவில் கண்ட அவர் எவரோடும் சண்டைக்குப் போகவில்லை. எண்ணியதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார், அவ்வளவே.

அந்த எண்கள் பலரைச் சுட்டன. 1896இல் பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்னும் இரு பெண்மணிகள் தம்மையொத்த சீமாட்டிகளைத் தேநீருக்கு அழைத்து, ‘இறகுத் தொப்பியை விட்டுவிடுங்கள்’ என்று ஒவ்வொருவராக இணங்கவைத்தார்கள். நாகரிகத்தைத் தொடங்கிய வரவேற்பறையிலேயே அதற்கு முடிவும் தொடங்கியது. பின்னர் 1918இல் அமெரிக்காவிலும் 1921இல் பிரிட்டனிலும் சட்டங்கள் வந்தன. சட்டம் வருமுன்னே மனம் மாறியிருந்ததால்தான் சட்டம் நின்றது.

சாப்மன் வங்கி வேலையை உதறினார். 1888இல் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். அந்நாளில் கிறிஸ்துமஸ் தினத்தன்று இளைஞர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்து வேட்டைக்குப் போவது அந்நாட்டில் ஒரு வழக்கம். எந்தக் கட்சி மிகுதியான உயிர்களைக் கொன்று குவிக்கிறதோ அதற்கே வெற்றி. பாலகன் பிறந்த நாளில் இப்படியொரு பந்தயம்! சாப்மன் இதற்கு ஒரு மாற்று வழி சொன்னார்: ‘அன்றைய தினம் பறவைகளைச் சுடாமல் எண்ணுவோம், எண்ணிய பட்டியலை அனுப்புங்கள், வெளியிடுகிறேன்.’ 1900ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்த வழக்கம் ஆண்டுதோறும் தொடர்ந்து, கொலம்பியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவி, இன்றும் நடைபெறுகிறது. துப்பாக்கி பிடித்த கைகளுக்குப் பென்சிலைக் கொடுத்த மனிதர் என்று இவரைச் சொன்னால் மிகையாகாது.

இனிக் கொலம்பியாவுக்கு வருவோம். அந்நாட்டின் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் ‘காலி’ என்றொரு நகரம் இருக்கிறது. பெயரைக் கண்டு வெற்றூர் என்று எண்ணிவிட வேண்டாம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாநகரம் அது. காலியிலிருந்து பசிபிக் கடற்கரைத் துறைமுகமான புவெனாவெந்துராவுக்குச் செல்லும் பழைய சாலை இம்மலையைக் கடந்து போகிறது. கணவாயை ஒட்டிய இடத்துக்கு ‘சான் அந்தோனியோ’ என்று பெயர். நம் பதுவைப் புனிதரின் பெயர்தான். பசிபிக் கடலின் ஈரக்காற்று மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மூடுபனியாகக் காட்டுக்குள் புகுகிறது. மழை பெய்யாத நாளிலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும். கிளைதோறும் பாசி, பாசிமேல் ஆர்க்கிட் மலர்கள், மழைநீரை இலைக்கிண்ணத்தில் தேக்கிவைக்கும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகள். முகிற்காடு என்னும் பெயர் இதற்குச் சாலப் பொருந்தும். காலி நகருக்குள் ஓடும் ஆறுகள் பிறப்பது இத்தகைய மலைகளில்தான்.

சாப்மனும் அவருடைய குழுவினரும் 1911ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்தார்கள். புகழ்பெற்ற பறவை ஓவியர் லூயி அகாசி புவெர்டெசும் அப்பயணத்தில் உடனிருந்தார். எந்த உயரத்தில் எந்தப் பறவை வாழ்கிறது என்று அவர்கள் ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்கள். கொலம்பியாவின் பறவைகளைப் பற்றிய சாப்மனின் பெருநூல் 1917இல் வெளிவந்தது. ஆல்டன் மில்லர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1958–59இல் அதே சான் அந்தோனியோ காட்டில் தங்கி ஆராய்ந்தார். பின்னர் 1990ஐ ஒட்டிக் குஸ்தாவோ கட்டான் என்னும் கொலம்பிய அறிஞரும் அவருடைய தோழர்களும் அதே காட்டில் மறுபடியும் எண்ணினார்கள். 1994இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். முதற்கணக்கில் இருந்த காட்டுப் பறவை இனங்கள் 128. எண்பது ஆண்டுகளுக்குள் அவற்றில் 40 இனங்கள் அக்காட்டிலிருந்து அறவே மறைந்துபோயிருந்தன. மூன்றில் ஒரு பங்கு என்றே சொல்லலாம்!

யாரும் அவற்றைத் தேடித்தேடிக் கொன்றொழிக்கவில்லை. பெருங்காடு துண்டு துண்டாயிற்று. ஒருபுறம் மேய்ச்சல் நிலம். மறுபுறம் நகரத்தார் வார இறுதியில் குளிர்ச்சி தேடிவந்து கட்டிக்கொண்ட ஓய்வு வீடுகள். பச்சை இருந்தது, காடு இல்லை. மறைந்தவற்றுள் மிகுதியானவை இருவகையின. மர உச்சியில் வாழும் பெரிய பழந்தின்னிகள் ஒருவகை. தரையை ஒட்டிய புதரிருளில் பூச்சி தின்பவை மற்றொரு வகை. காரணம் எளிது. ஒரு மரம் பழுத்து ஓய்ந்ததும் அடுத்த மரத்தைத் தேடி நெடுந்தூரம் பறக்கவேண்டிய பெரும்பறவைக்குச் சிறுகாட்டில் ஆண்டு முழுதும் பசியாற வழியில்லை. புதரிருளில் வாழும் பறவையோ வெயில் விழும் வெட்டவெளியைக் கடந்து அடுத்த காட்டுத் துண்டுக்குச் செல்லத் துணிவதில்லை.

இங்கேதான் நம் சிறுபறவையின் அருமை தெரிகிறது. பல்வண்ணத் தங்காரா அந்த நாற்பதில் ஒன்றாகவில்லை. சான் அந்தோனியோ மலையில் இன்றும் அது வாழ்கிறது. இணையாகவோ, பலவகைப் பறவைகள் கூடிய கூட்டத்தோடோ, மரத்துக்கு மரம் தாவி, பாசி படர்ந்த கிளைகளிலும் இலைகளின் அடிப்புறத்திலும் பூச்சி தேடும். கண்ணில் பட்ட சிறு பழங்களைத் தின்னும். பழந்தின்னும் முறையிலும் தங்காராக்களுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. பெரிய பறவைகள் பழத்தை முழுதாக விழுங்கிவிடும். தங்காராக்களோ அலகின் விளிம்பில் பழத்தை வைத்து நசுக்கி, சாற்றையும் சதையையும் உட்கொண்டு, தோலையும் பெரிய விதைகளையும் உமிழ்ந்துவிடும். கடுகினும் சிறிய விதைகளை மட்டும் சாற்றோடு சேர்த்து விழுங்கும்.

நம் முன்னோர் காயாம்பூ என்று போற்றிய செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை மிக்கோனியா என்னும் புதர்கள். அம்மலைகளில் அவை மிகுதி. அவற்றின் சிறு பழமொன்றில் நுண்விதைகள் நிரம்பியிருக்கும். தங்காரா ஒரு புதரில் உண்டு, சிறிது நேரத்தில் வேறோர் இடத்தில் எச்சமிடும். வெட்டப்பட்ட காட்டின் ஓரத்திலும், கைவிட்ட மேய்ச்சல் நிலத்திலும் அவ்விதைகள் விழுந்து முளைக்கும். முதலில் புதர், அந்தப் புதரின் நிழலில் பிறகு மரம். காடு மறுபடி தொடங்குவது இவ்வாறுதான். உழாமல், கூலி கேட்காமல் விதைக்கும் உழவர் இப்பறவைகள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சிறு பறவை சிறு விதையைத்தான் சுமக்கும். காட்டு வெண்ணெய்ப்பழம் போன்ற பெரிய கொட்டையுள்ள மரங்களின் விதைகளைப் பெரிய பறவைகள் விழுங்கினால்தான் தொலைவுக்குப் போகும். பெரும்பறவைகள் குறைந்த காட்டில் அம்மரங்களின் விதைகளுள் பல தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடக்கும். தங்காரா காட்டைத் தொடங்கிவைக்கும். அதைத் தான் மட்டும் முடித்துவைக்க இயலாது. குடும்பத்தில் மூத்தவர் செய்யும் வேலை ஒன்று, இளையவர் செய்யும் வேலை வேறொன்று அன்றோ?

பல்வண்ணத் தங்காராவும் முற்றும் பிழைத்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அது விரும்பும் மலையுயரம் பெரும்பாலும் 1,300 முதல் 2,200 மீட்டர் வரை. காப்பிச் செடி செழிக்கும் உயரமும் ஏறத்தாழ அதுவே. குருவியும் காப்பியும் ஒரே நிலத்துக்குப் போட்டியிட்டால் வெல்வது எதுவென்று சொல்லவேண்டியதில்லை.

இக்காப்பிக் கதையில் நம்மவர் தொடர்பும் சிறிது உண்டு. இலங்கையின் மலைநாட்டில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஏழைத் தொழிலாளர்கள் முதலில் உழைத்தது தேயிலையில் அன்று, காப்பித் தோட்டங்களில். 1869ஆம் ஆண்டில் அங்கே காப்பி இலைகளில் ஆரஞ்சு நிறத் துரு போன்ற ஒரு பூஞ்சண நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழிலே அழிந்தது. அதே மலைகளில் தேயிலை ஏறியது. கூலிக்காரர் பட்ட பாடு சொல்லி முடியாது. அதே நோய் நூறாண்டு கழித்து, 1970இல் பிரேசிலிலும், 1983இல் கொலம்பியாவிலும் தலைகாட்டியது. நோய் வந்துவிடுமே என்ற அச்சமும், மிகுதியாக விளைவிக்கவேண்டும் என்ற ஆவலும் சேர்ந்து, கொலம்பிய உழவர் பலர் 1970களிலிருந்தே நிழல் மரங்களை வெட்டிவிட்டுத் திறந்த வெயிலில் நெருக்கமாகப் பயிரிடும் முறைக்கு மாறினார்கள். பழமரங்கள் கலந்து நின்ற பழைய காப்பித் தோட்டம், காடு இழந்த பறவைக்கு ஓரளவு அடைக்கலமாக இருந்தது. நிழல் போயிற்று, அந்த அடைக்கலமும் போயிற்று. சிறு நிலத்தை நம்பிப் பிள்ளைகளை வளர்த்த அவ்வுழவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் நிலத்தில் எடுத்த முடிவின் விலையில் ஒரு பகுதியைக் குருவியும் செலுத்தியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் காலம் ஒரே திசையில் ஓடுவதில்லை. சான் அந்தோனியோவை ஒட்டிய பழைய சாலையோரத்தில் சில வீட்டார் தங்கள் தோட்டத்தில் வாழைப்பழத்தை நறுக்கி வைக்கிறார்கள். தங்காராக்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உண்கின்றன. அவற்றைக் காணத் தொலைதேசங்களிலிருந்து மக்கள் வருகிறார்கள்; வருவோர் தரும் கட்டணம் அக்குடும்பங்களுக்கு உதவுகிறது. நிற்கும் மரமும் சோறு போடும் என்று தெரிந்துவிட்டால் கோடரி தானே மூலைக்குப் போகும். 1,900க்கும் மேற்பட்ட பறவை இனங்களைக் கொண்டு உலக நாடுகளுள் முதலிடத்தில் நிற்கும் கொலம்பியாவில், அதே காலி நகரில், உயிரினப் பன்மையைக் குறித்த ஐக்கிய நாடுகள் மாநாடு 2024ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் கூடியது. பல பத்தாண்டுகள் உள்நாட்டுப் போரில் இரத்தம் சிந்திய அந்நாடு மாநாட்டுக்குத் தேர்ந்தெடுத்த கருப்பொருள் ‘இயற்கையோடு சமாதானம்’ என்பதாகும்.

இவ்வளவும் எழுதியபின் நம் உள்ளத்தில் நிற்பது ஒன்றே. சான் அந்தோனியோவில் நாற்பது இனங்கள் மறைந்தன என்று இன்று நாம் அறிவதற்குக் காரணம், 1911இல் ஒருவர் எண்ணி எழுதிவைத்ததே. எண்ணாமல் விட்டிருந்தால் அவை மறைந்ததும் எவருக்கும் தெரிந்திராது. ‘எப்போதும் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்லிக்கொண்டு நாம் வெறுங்காட்டைக் காடென்று நம்பியிருப்போம். நம் மொழியில் ‘எண்ணுதல்’ என்ற சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் பொருள். சிந்தித்தல் என்றும் பொருள். இரண்டும் ஒரே செயல் என்று முன்னோர் கருதினார்கள் போலும். தொப்பிகளை எண்ணியவர் மனிதரைச் சிந்திக்க வைத்தார். பறவைகளை எண்ணியவர் கிறிஸ்துமஸ் வேட்டையை மாற்றினார்.

நம் வீட்டைச் சுற்றி எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் சிறுவராயிருந்தபோது முற்றத்துக்கு வந்தவற்றுள் இப்போது வராதவை எவை என்று நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? பெரியவர்கள் சொன்னால் அதுவே அவர்களுக்கு முதற்கணக்கு.

சென்ற ஞாயிறு மாலை எதிர்வீட்டுச் சிறுமியிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னோம். நாற்பது என்று சொன்னபோது முகம் வாடினாள். மறுநாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். காகம், மைனா, கிளி, தவிட்டுக்குருவி, மரங்கொத்தி, தேன்சிட்டு என்று ஆறு பெயர்கள். கீழே தேதியும் இட்டிருந்தாள். "ஆறுதான் தாத்தா. எண்ணினது சரியான்னு தெரியல. நாளைக்கு நீங்களும் வாங்க" என்றாள்.

போகத்தான் வேண்டும். நோட்டில் இன்னும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.